பொட்டு வெச்ச கேமரா

இல்லீங்க சார், மறைக்கல. பொட்டு வெச்சோம். மறைக்கறது வேற, பொட்டு வெக்கறது வேற. உங்க டேப்லெட்ல 'வேண்டுமென்றே கேமராவை மறைத்தல்'னு ஒரு கட்டம் இருக்குன்னா அது உங்க டேப்லெட்டோட கோளாறு. பக்கத்துல 'பொட்டு'ன்னு இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்க. போட்டுட்டு வாங்க, நானே டிக் அடிக்கிறேன்.

மொதல்ல உக்காருங்க. நின்னுட்டே கேள்வி கேட்டா போலீஸ் வந்த மாதிரி இருக்கு, எதுத்த ஊட்டு மரகதக்கா வேற மாடியில இருந்து எட்டிப் பாக்கறாங்க. மோர் குடிங்க. சண்டைன்னாலும் எங்க ஊட்டுல மோர் குடுத்துட்டுத்தான் போடுவோம்.

அப்பா, நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன்.

என் பேரா? மௌனிகா. சிரிக்காதீங்க. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங், கடைசி வருசம். போன செமஸ்டர்ல 'வாகனம் இனி பொருளல்ல, சேவை'ன்னு பேப்பர் வாசிச்சு ரெண்டாவது பரிசு வாங்குனவ. அதனால "மேடம், இது சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டது, உங்களுக்குப் புரியாது"ன்னு இன்னொரு தடவ சொல்லாதீங்க. உங்க கழுத்துல தொங்கறத நானும் படிச்சேன். 'கஸ்டமர் டிலைட் எக்ஸிகியூட்டிவ்.' புதன்கிழமை மத்தியானம் நடுச்சந்துல பூட்டிக்கிட்ட வண்டி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாலு நாள் கழிச்சு எங்களச் சந்தோசப்படுத்த வந்திருக்கீங்க.

வெளிய பாத்தீங்கல்ல வண்டிய? மாலை காஞ்சு சருகாயிடுச்சு. முன்னாடி கட்டுன வாழக்கன்ன ஆடு தின்னுருச்சு. தள்ளலாம்னா சக்கரம் நாலும் இறுகிக் கெடக்கு. குப்பை வண்டி சந்துக்குள்ள வர மாட்டேங்குது. மரகதக்கா ஸ்கூட்டிய செவுத்தோரமா ஒரசிக்கிட்டே உருட்டிட்டுப் போறாங்க, போறப்ப எல்லாம் என்னை ஒரு பார்வை. ஆராச்சும் பக்கத்துல போனா அது பேச வேற பேசுது. "தங்கள் பாதுகாப்பு கருதி வாகனம் இயக்கம் நிறுத்தப்பட்டுள்ளது." ஆட்டுக்கிட்டயும் அதத்தான் சொல்லுச்சு. ஆடு நிறுத்தலீங்க, தின்னுட்டுத்தான் போச்சு.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். நீங்க பாட்டுக்கு நடுவுல இருந்து எழுதாதீங்க.

எங்கப்பா நாச்சிமுத்து. இந்தக் கணபதி ஏரியாவுல வந்து டாக்ஸி நாச்சிமுத்துன்னு கேளுங்க, ஊட்டு வாசல்ல கொண்டாந்து உடுவாங்க. பதினோரு வருசம் டீசல் வண்டி ஓட்டுனாரு. அது கத்தும், பொகையும், ஆனா எங்கயும் பூட்டிக்கிட்டு நின்னதில்ல. போன வருசம் உங்க ஆளுங்க எங்க காலேஜுல ஸ்டால் போட்டாங்க. வண்டிய வாங்க வேண்டாமாம். மாசாமாசம் கட்டிட்டு ஓட்டலாமாம். சவாரி உங்க ஆப்லயே வருமாம், சார்ஜும் சர்வீசும் நீங்களே பாத்துக்குவீங்களாம். அப்பா டிரைவர் இல்லயாம், பார்ட்னராம். நான் ஊட்டுக்கு வந்து மூணு ராத்திரி பேசி அப்பாவச் சம்மதிக்க வெச்சேன். டீசல் வண்டிய வித்தோம். ஃபாரத்த நான்தான் நிரப்புனேன். நாப்பத்தியோரு பக்கம். "அம்மணி, இதுல என்ன எழுதியிருக்குது?"ன்னு அப்பா கேட்டாரு. "எல்லா ஆப்லயும் ஒண்ணேதான்ப்பா எழுதியிருக்கும்"ன்னு சொல்லி நானே கீழ இருந்த 'அக்ரி' பட்டன அமுக்கிட்டேன். அது வேற விசயம். படிக்க முடியாத அளவுக்கு எழுதுனது உங்க தப்பு.

எழுதுனதுல என்ன இருந்துச்சுன்னு பொறகுதான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. சீட்டு சூடாகற வசதி மூணு மாசம் இலவசம். கோயமுத்தூருக்கு. சித்திரை மாசத்துல. ஏசி சீக்கிரம் குளுரணும்னா அது தனியாக் கட்டணும். அதாவது சூடு ஃப்ரீ, குளுருக்குக் காசு. இத யோசிச்சவரு ஆருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்புடுவேன். அப்பா என்னடான்னா, இடுப்பு வலிக்கு எதமா இருக்குதுன்னு மூணு மாசமும் அந்தச் சூட்டப் போட்டுக்கிட்டே ஓட்டுனாரு. அது வேற விசயம்.

ஆயுத பூசைக்கு வர்றேன். அவசரப்படுத்தாதீங்க.

புதன்கிழமை காலையில வண்டியக் கழுவி, மாலை போட்டு, வாழக்கன்னு கட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. அப்பா பானெட்டு மேல சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு முடிச்சுட்டாரு. அவரு அத்தோட உட்டிருப்பாரு. நான்தான் சொன்னேன், "வண்டிக்குக் கண்ணு அங்க இருக்குப்பா, பானெட்டுல வெச்சா வயித்துல பொட்டு வெச்ச மாதிரி இருக்கு." கண்ணாடிக்கு மேல நடுவுல கேமரா இருக்குல்ல, அதுக்கு நேரா வெச்சேன். சந்தனம் பெருசா, வட்டமா, அதுக்கு நடுவுல குங்குமம். சைடு கண்ணாடிக்குக் கீழ இருக்கற குட்டிக் கேமரா ரெண்டுக்கும் சின்னதா. அப்பா அப்பவே "அது பாக்கற எடமாட்டம் இருக்குதே கண்ணு"ன்னாரு. "அப்பா, நான் ஆட்டோமொபைல்"ன்னேன்.

ஆமாங்க சார், அது கேமரான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வெச்சேன். தெரியாம வெச்சிருந்தா அது பொட்டே இல்லயே, கறை.

பொறகு பதினொன்னரை மணிக்குச் சாமி கும்புட்டு வண்டிய எடுத்தா, நவுர மாட்டேங்குது. "முன்புறப் பார்வை தடைப்பட்டுள்ளது. தயவுசெய்து சுத்தம் செய்யவும்." சுத்தம் செய்யவுமாம்! சந்தனத்த! பூசை முடியாம ஆராச்சும் பொட்டத் தொடைப்பாங்களா? நல்ல நேரம் வேற போய்க்கிட்டிருக்கு. அப்பா தொடைக்கத் துணி எடுத்தாரு, நான்தான் உடல. திரையில ஒரு மூலைய விரல எடுக்காம அமுத்திப் புடிச்சா ஒர்க்‌ஷாப் மோடு வரும், அதுல போட்டா கேமரா சொல்றத வண்டி கேக்காது. ஒரு வீடியோவுல பாத்திருக்கேன். அதைத்தான் பண்ணேன்.

நாங்க பண்ணோம்னு எழுதுங்க. சரி, நான். நான்னே எழுதுங்க.

என்னது? டிரைவர் சீட்டுல ஆரு உக்காந்திருந்ததா? எதுக்குக் கேக்கறீங்க, உள்ள இருக்கற கேமராவுல போட்டோ இருக்கும்ல. அந்த ஒரு கேமராவுக்குத்தான் பொட்டு வெக்க மறந்துட்டேன். ...ஏனுங்க, அந்த போட்டோவத் திருப்புங்க அந்தப் பக்கம். நாக்க நீட்டறது உங்களப் பாத்து இல்ல. ரீலு எடுத்துட்டிருந்தேன். பதிவு செய்யாத ஓட்டுநர்னு போட்டுக்குங்க, ஒரு அடி தூரம் ஓட்டுன ஓட்டுநர். எலுமிச்சம்பழம் நசுங்குற அளவுக்குத்தான் நவுத்துனேன், சத்தியமா.

எலுமிச்சம்பழம் நசுங்குச்சு. அடுத்தது பூசணிக்கா. அப்பா சுத்தி எடுத்துட்டு வந்து வண்டிக்கு முன்னாடி ஓங்கி அடிச்சாரு. உள்ள குங்குமம் கொட்டி வெச்ச பூசணிக்கா. அது எப்பவும் நாலாச் செதறும், அன்னைக்கு நாப்பதாச் செதறுச்சு. ஒரு துண்டு பம்பர்ல போய் டம்முனு. ரோடெல்லாம் செவப்பு.

அவ்வளவுதான். வண்டி அலற ஆரம்பிச்சுது. நாலு பக்கமும் லைட்டு அடிக்குது. ஸ்பீக்கர்ல ஒரு பொண்ணு, "விபத்து கண்டறியப்பட்டுள்ளது, உதவி மையத்துடன் இணைக்கிறோம்." உங்க உதவி மையம் லைன்ல வந்துருச்சு. "சார், பதட்டப்படாதீங்க, எத்தனை பேருக்கு அடி?" அப்பா கைய கட்டிக்கிட்டு வண்டிகிட்ட சொல்றாரு, "ஆருக்கும் இல்லீங்க, பூசணிக்காய்ங்க." "சார், பேரு பூசணியா?" "இல்லீங்க, காயிங்க." "காயமா சார்? பலமான காயமா?" சந்தே சிரிக்குது. மரகதக்கா கைப்புடிச் செவுத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. அப்பா மட்டும் சிரிக்கல. அவரு ஒரு பூசணித் துண்ட எடுத்துக் கேமராவுக்கு நேராக் காட்டறாரு, சாட்சிக்கு. அந்தக் கேமராவுலதான் பொட்டு இருக்கு, அதுக்கு எங்கிருந்து தெரியும்?

பத்தாவது நிமிசம் மெசேஜ். 'பார்வைக் கருவி மறைப்பு, பாதுகாப்பு மீறல், பதிவில்லா ஓட்டுநர், மோதல். வாகனம் முடக்கப்பட்டது. எங்கள் பிரதிநிதி தங்களைச் சந்திப்பார்.' நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள பிரதிநிதி ரிப்போர்ட் போகலைன்னா வண்டி வேற பார்ட்னருக்கு மாத்தப்படுமாம். வேற பார்ட்னர்! போர்வை மாத்துற மாதிரி எங்கப்பாவ மாத்திடுவீங்க. டீசல் வண்டியும் இல்ல, இந்த வண்டியும் இல்லன்னா அம்பத்திமூணு வயசுல அவரு எங்க போய் நிப்பாரு? அதுக்கு உங்க டேப்லெட்ல கட்டம் இருக்கா?

இதுல இன்னொரு கூத்து. வண்டியப் பூட்டுனது ஒரு டிப்பார்ட்மெண்டு. சவாரி அனுப்பறது இன்னொரு டிப்பார்ட்மெண்டு. அதுக்கு இது தெரியாது. நாலு நாளா ஆப்ல சவாரி வந்துட்டே இருக்கு. ஏர்போர்ட்டு, ரயில்வே ஸ்டேசன், காந்திபுரம். எங்கப்பா போன எடுத்து ஒவ்வொருத்தருக்கும், "மன்னிச்சுக்குங்க, வண்டி ஒடம்பு சரியில்ல"ங்கறாரு. போகாத ஒவ்வொரு சவாரிக்கும் நட்சத்திரம் கொறையுது. நாலு புள்ளி ஒம்பது இருந்தவரு இப்ப மூணு புள்ளி ஆறு. அப்பறம் நேத்து மெசேஜ்: 'அன்புள்ள பார்ட்னர், தங்கள் அர்ப்பணிப்பு குறைந்து வருவதைக் கவனித்தோம்.' பூட்டுன கையி ஒண்ணு, ஏன் வரலன்னு அடிக்கற கையி இன்னொண்ணு. இந்த ரெண்டு கையும் ஒரே ஒடம்புலதான் இருக்குதுங்களா? நீங்க எந்தக் கையி?

அப்பா, இருங்கன்னா இருங்க. அவரு என்ன சொல்றாருன்னா, நீங்க கொண்டாந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்ங்கறாரு. "போச்சாது, போகட்டும் உடு கண்ணு"ன்னு நாலு நாளா இதையேதான் சொல்றாரு.

எங்க, அந்த வாக்குமூலத்த இன்னொரு தடவ படிங்க. 'அறியாமையினால் கேமராவை மறைத்துவிட்டேன்.' அறியாமையாம். ஊட்டுல ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியரு இருக்கறப்ப அறியாமை எங்கிருந்து வரும்? 'என் குடும்பத்தினரை வாகனத்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர அனுமதிக்க மாட்டேன்.' அதாவது நான். 'இச்சம்பவம் தொடர்பான காணொளிகளை இருபத்துநாலு மணி நேரத்தில் நீக்கிவிடுவேன்.' ஆங், இங்க நிறுத்துங்க. இதுக்குத்தான் நீங்க வந்தீங்க. பொட்டு, பூசணிக்கா எல்லாம் சாக்கு. ரீல எடுக்கணும்.

முடியாது. லைக்குக்காகச் சொல்லல. பதினேழாயிரத்து நானூறு லைக்கு, அத நான் எண்ணறது கூட இல்ல. நியாயத்துக்காகச் சொல்றேன்.

அந்த ரீல நீங்க பாத்தீங்களா? பாக்கலயா? அத எடுக்கச் சொல்லி எழுதிட்டு வந்திருக்கீங்க, பாக்கல! இந்தாங்க, பாருங்க. இது மொத ரீலு, பூசணிக்காய்க்கு முன்னாடி, காலையில ஒம்பது மணிக்குப் போட்டது. வண்டி, மாலை, இது நான், இது பொட்டு. கிட்டத்துல காட்டறேன் பாருங்க, கேமராவுக்கு நேரா பொட்டு. இப்ப கீழ வாங்க. முதல் கமெண்ட்டு ஆரு? பேருக்குப் பக்கத்துல நீல டிக். படிங்க சார், சத்தமாப் படிங்க. படிக்க மாட்டீங்களா, நான் படிக்கிறேன். 'நம்ம மண்ணின் பெருமை! நீங்களும் உங்கள் காருக்குப் பொட்டு வைத்து எங்களை டேக் செய்யுங்கள். அழகான பொட்டுக்குப் பரிசு உண்டு.' பக்கத்துல ஹார்ட்டு. மூணு ஹார்ட்டு. இது உங்க கம்பெனி. பத்து மணி அஞ்சு நிமிசம். வண்டியப் பூட்டுனது பன்னெண்டு மணி பத்து நிமிசம். இதுவும் உங்க கம்பெனி.

ஏன் சார் மோர வெச்சுட்டீங்க?

இது மார்க்கெட்டிங் டீமா? வேற டீமா? அந்த டீமுக்கு அது கேமரான்னு தெரியாதா? எனக்குத் தெரிஞ்சுது, அப்பாவுக்கே சந்தேகம் வந்துச்சு, வண்டி விக்கறவங்களுக்குத் தெரியல. இப்ப சொல்லுங்க, அறியாமை ஆருது? அந்தக் கட்டத்துல ஆரு பேர எழுதுவீங்க?

மெதுவாப் பேசறீங்க, கேக்கல. ஓஹோ. எங்க ஒருத்தருது மட்டும் இல்லயா? திருப்பூர்ல, ஈரோட்டுல, சேலத்துலன்னு பரிசுக்குப் பொட்டு வெச்ச வண்டி இன்னும் நின்னுட்டிருக்கா? எத்தனை? சொல்லக்கூடாதா? சரி, சொல்லாதீங்க. உங்க மொகமே சொல்லுது.

என்னது, அடுத்த வருசம் இந்தப் பிரச்சனை வராதா? அப்டேட்டு வருதா? 'பூஜை மோடு'. பொட்டு, பூசணிக்கா, எலுமிச்சம்பழம் எல்லாம் அதுக்குத் தெரிஞ்சிருமாம். நான் அன்னைக்கே போட்ட பூசணிக்காய் வீடியோவ வெச்சுத்தான் அதுக்குச் சொல்லிக் குடுக்கறாங்களா? சந்தோசம். நல்ல விசயம். நான்கூடக் கோவத்துல... ஒரே ஒரு கேள்வி. அந்தப் பூஜை மோடு இலவசமா?

சார். பூஜை மோடு இலவசமா?

மோரப் பாக்காதீங்க, என்னப் பாருங்க.

ஆஹா. எங்க பொட்ட நாங்க வெக்க, எங்க பூசணிக்காய நாங்க ஒடைக்க, எங்க வீடியோவப் பாத்தே படிச்சுட்டு, எங்களுக்கே வருசா வருசம் விப்பீங்க. என் பேப்பர்ல இத நான் 'தொடர் வருவாய் மாடல்'னு எழுதியிருந்தேன். கைதட்டுனாங்க. ரெண்டாவது பரிசு குடுத்தாங்க. அப்ப அதுல எங்க பூசணிக்கா வரும்னு எனக்குத் தெரியாது. அடுத்த மாசம் உங்க கம்பெனி எங்க காலேஜுக்குக் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருது, தெரியுமா? நான் பேரு குடுத்திருக்கேன். குடுத்தா என்ன? உள்ள வந்து கேப்பேன்.

இருங்க, ஒரு நிமிசம். இந்த நீல டிக்க ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கறேன், நீங்க போனதும் அழிச்சுருவாங்க. சார்ஜ் ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு. அம்மா, சார்ஜர எங்க வெச்சீங்க? எடுத்துட்டு வந்தர்றேன், எந்திரிக்காதீங்க.

...என்ன சத்தம் அது? வண்டியா? "வணக்கம் நாச்சிமுத்து. தங்கள் வாகனம் தயார் நிலையில் உள்ளது." ஆரு தெறந்தா? அப்பா! அப்பா, டேப்லெட்ல வெரல வெச்சுட்டீங்களா? நான் உள்ள போய் சார்ஜர் எடுக்கறதுக்குள்ள? படிச்சீங்களா அத? ஒரு வரியாச்சும் படிச்சீங்களா?

பாத்தீங்களா சார், என்ன சொல்றாருன்னு? "நீ அக்ரி அமுக்குனப்ப நான் உன்ன நிறுத்துனனா அம்மணி? இப்ப நான் அமுக்கிக்கிட்டேன்." எப்படிப் பேசறாரு பாருங்க. நாலு நாளா இவருக்காகத்தான் நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன்.

ஏர்போர்ட்டு சவாரியாம். கெளம்பறாரு. துணிய எடுத்து மொதல்ல அந்தப் பொட்டத் தொடைக்கறாரு பாருங்க. மாலையக் கழட்டி மடிச்சு வெக்கறாரு. மரகதக்கா, கை தட்டாதீங்க! இதுல கை தட்ட என்ன இருக்கு? சந்துல வழி கெடச்சுருச்சுன்னா? வழி கெடச்சா நியாயம் கெடச்ச மாதிரியா?

நீங்க எங்க எந்திரிக்கறீங்க? அவரு வேலை முடிஞ்சுது, என் வேலை முடியல. அந்த டேப்லெட்ட இப்படிக் குடுங்க, நான் படிக்கணும். முழுசாப் படிக்கிறேன், அந்தப் பழைய நாப்பத்தியோரு பக்கத்தையும் சேத்து. இப்பவாச்சும் ஒருத்தர் படிக்கணும்ல இந்த ஊட்டுல. 'இருபத்துநாலு மணி நேரத்தில் நீக்கிவிடுவேன்.' சரி. எங்கப்பா வெரல் வெச்சுட்டாரு, அந்த வெரலுக்கு நான் மரியாதை குடுக்கறேன். நாளைக்கு இதே நேரத்துக்கு ரீல எடுத்துடறேன். எடுக்கலன்னா நட்சத்திரத்தக் கொறச்சுத் திரும்ப வண்டியப் புடுங்குவீங்க, எனக்குத் தெரியும்.

ஆனா அதுவரைக்கும் இருபத்துநாலு மணி நேரம் இருக்கு. இந்தாங்க, உங்க முன்னாடியே போடறேன், உங்க மூணு ஹார்ட்டுக்கு நேர் கீழ. 'பத்து அஞ்சுக்குப் பொட்டு வெக்கச் சொன்னது யாரு? பன்னெண்டு பத்துக்குப் பூட்டுனது யாரு? திருப்பூர், ஈரோடு, சேலத்துல நிக்கற வண்டிய எப்பத் தெறப்பீங்க?' போட்டாச்சு. நாலு பேரு லைக் போட்டுட்டாங்க அதுக்குள்ள.

போய்ச் சொல்லுங்க உங்க மேல இருக்கறவருகிட்ட. 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். 'உங்கள் எண்ணை டி.எம்.மில் அனுப்பவும்'னு போட்டா அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பேன். பொட்டு வெக்கச் சொன்னப்ப டி.எம்.ல தனியாவா சொன்னீங்க? ஊரே பாக்கறாப்புலதானே சொன்னீங்க? பதிலையும் அங்கயே சொல்லுங்க. ஆளு ஆருன்னு பேரு போட்டுச் சொல்லுங்க. நாளைக்கு இந்த நேரத்துக்குள்ள.